ஏழு நாள் மருந்து போதுமா?

கேள்வி: எங்கள் ஆத்தாவுக்கு 68 வயது. 20 ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. காரைக்குடிக்கு அருகே எங்கள் பழைய வீட்டில் ஒரு பணிப்பெண்ணின் துணையோடு இருக்கிறார்கள். சென்ற மாதம் உடம்பு தூக்கிப் போடும் அளவுக்குக் குளிர்காய்ச்சல் வந்து, உள்ளூர் மருத்துவமனையில் இரண்டு நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். காய்ச்சல் அடங்காமல் இரத்த அழுத்தமும் இறங்கியதால் மதுரைக்குக் கொண்டு சென்றோம். சிறுநீரில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொல்லி மெரோபெனம் ஊசி நான்கு நாள் போட்டார்கள். பிறகு கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று நாளைக்கு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரத்தத்தில் கிருமி என்றால் 14 நாள் ஊசி போட வேண்டாமா? எதிர் வீட்டுப் பெரியவருக்கு அப்படித்தான் போட்டார்கள். எங்கள் ஊர்க் கம்பவுண்டர், செஃப்ட்ரியாக்சோனையே தினம் ஒன்றாக இன்னும் ஒரு வாரம் வீட்டுக்கு வந்து போடுவதாகச் சொல்கிறார். அதே மாத்திரை இன்னொரு அட்டையும் வாங்கி வைத்திருக்கிறோம். இப்போது காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் மனம் கேட்காமல் மறுபடி சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தோம், அதில் இ.கோலை கிருமி இருப்பதாக வந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, சென்னைக் கம்பெனி ஒன்று கண்டுபிடித்த புதிய மருந்து வந்திருப்பதாகவும் எவ்வளவு செலவானாலும் அதைப் போடச் சொல்லும்படியும் சொல்கிறான். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதையும் உடன் அனுப்பியிருக்கும் அறிக்கைகளின் நகல்களையும் வைத்துப் பார்க்கும்போது, உங்கள் தாயாருக்குக் கொடுக்கப்பட்ட சிகிச்சை போதுமானது என்றே கருதுகிறேன். கம்பவுண்டர் போடுவதாகச் சொல்லும் ஊசி வேண்டாம். வாங்கி வைத்திருக்கும் மாத்திரையும் வேண்டாம். நான் அவரை நேரில் பரிசோதிக்கவில்லை என்பதால், மதுரையில் பார்த்த மருத்துவர் இதற்கு மாறாக ஏதும் சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படி எதுவும் இல்லை. எழுதியிருப்பவை யாவும் முறையாகவே இருக்கின்றன.

நாள் கணக்கிலிருந்து தொடங்குவோம். உங்கள் கணக்குப்படி ஊசி ஆறு நாள், மாத்திரை மூன்று நாள், ஆக ஒன்பது நாள். நாங்கள் அப்படி எண்ணுவதில்லை. இரத்தக் கல்ச்சர் அறிக்கையில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளில் ஒன்று இருக்கும். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும். ஆர் என்றால் கட்டுப்படாது. ஐ என்பது அளவையும் தொற்றின் இடத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டிய இடைநிலை. உங்கள் தாயாரின் இரத்தத்தில் வளர்ந்தது இ.கோலை. அறிக்கையில் செஃப்ட்ரியாக்சோனுக்கு எதிரே ஆர் என்று இருக்கிறது. மெரோபெனத்துக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும் எஸ். ஆகவே முதல் இரண்டு நாள் ஊசி உடம்புக்குள் போனதே தவிர, கிருமியை ஒன்றும் செய்யவில்லை. வேலை செய்யும் மருந்து உள்ளே போன நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் மெரோபெனம் நான்கு நாள், மாத்திரை மூன்று நாள், மொத்தம் ஏழு.

இதற்காக உள்ளூர் மருத்துவரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கல்ச்சரில் கிருமி வளர்ந்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை நோயாளியைச் சும்மா வைத்திருக்க முடியாதாகையால், அனுமானத்தின் பேரில் ஒரு மருந்தைத் தொடங்கித்தான் ஆக வேண்டும். அவர் ஊசி போடுவதற்கு முன்பே இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்து வைத்தாரே, அதற்கு நீங்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் குப்பி இல்லாவிட்டால் மதுரையில் மாத்திரைக்கு மாற்றும் துணிவு யாருக்கும் வந்திருக்காது.

அறிக்கையின் அடியில் ஈ.எஸ்.பி.எல் என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைத்துவிடும் நொதிகளைச் சுரக்கும் கிருமி என்பது அதன் பொருள். நம் நாட்டு மருத்துவமனைகளில் இது இன்று அரிய செய்தி அல்ல. இத்தகைய கிருமி இரத்தத்தில் கலந்திருக்கும்போது மெரோபெனம் தேவைப்படுகிறதா, அதைவிட எளிய பைப்பராசிலின்-டசோபாக்டம் போதுமா என்று ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. மெரோபெனம் பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 3.7 விழுக்காடு, மற்ற மருந்தைப் பெற்றவர்களில் 12.3 விழுக்காடு. மதுரை மருத்துவர் மெரோபெனத்தைத் தேர்ந்தெடுத்ததன் பின்னணி இதுதான். ஆனால் எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமி என்பதாலேயே நாள்களைக் கூட்ட வேண்டியதில்லை. சரியான மருந்து சரியான அளவில் கிடைத்துவிட்டால், மற்ற இ.கோலைக்கு எத்தனை நாளோ அத்தனை நாள்தான் இதற்கும்.

இனி அந்த 14 நாள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், பெரும்பாலும் பழக்கத்தில்தான் போய் முடியும். பென்சிலின் வந்த காலத்தில் யாரும் நாள்களை ஒப்பிட்டுச் சோதிக்கவில்லை. மருந்து குறைந்தால் நோய் திரும்பிவிடுமோ என்ற நியாயமான அச்சத்தில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று காலண்டரைப் பார்த்து வைத்த கணக்கு அது. நாங்களும் அதையே படித்து, அதையே எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது சொல்லும் ஏழும் வாரக் கணக்குதான் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், ஆனால் இது சோதித்துப் பார்க்கப்பட்ட வாரம்.

அந்தச் சோதனைகளில் மிகப் பெரியது, கனடா மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2024 நவம்பரில் வெளியான பேலன்ஸ் ஆய்வு. 7 நாடுகளில் 74 மருத்துவமனைகளில், இரத்தத்தில் பாக்டீரியா கலந்த 3,608 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதைப் போலப் பிரித்து, ஒரு பாதியினருக்கு 7 நாளும் மறு பாதியினருக்கு 14 நாளும் மருந்து கொடுத்தார்கள். லேசான நோயாளிகளைப் பொறுக்கி எடுத்துச் செய்த ஆய்வு அல்ல இது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆய்வில் சேரும்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள். பலருக்குத் தொற்று தொடங்கிய இடம் சிறுநீர்ப் பாதை. அதிகம் காணப்பட்ட கிருமி இ.கோலை. அதாவது உங்கள் தாயாரைப் போன்றவர்கள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5 விழுக்காடு, 14 நாள் பிரிவில் 16.1 விழுக்காடு. ஒரு வாரம் கூடுதலாக மருந்து கொடுத்ததால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைத்ததாகத் தெரியவில்லை. இந்திய மருத்துவமனைகள் அந்த ஆய்வில் இல்லை என்பது ஒரு குறைதான். ஆனால் அங்கும் நாள்களை, கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்து தொடங்கியதிலிருந்தே எண்ணினார்கள். அந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் முடிவு நம் ஊருக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

இதைப் படித்துவிட்டு யாரும் இரத்தத் தொற்று எல்லாவற்றுக்கும் ஏழு நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆய்வில் சேர்க்கப்படாதவர்கள் பலர். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி இரத்தத்தில் வந்தவர்கள், செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்கள், இதய வால்விலோ எலும்பிலோ தொற்று உள்ளவர்கள், உள்ளே சீழ் கட்டி இன்னும் வடிக்கப்படாதவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு செல்லாது. உங்கள் தாயாருக்கு எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் கல் இல்லை, அடைப்பு இல்லை, சீழ் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத் தொற்றில் என் கண் முதலில் போகும் இடம் அதுதான். மேலும் மெரோபெனம் தொடங்கிய மூன்றாம் நாளே காய்ச்சல் இறங்கி, இரத்த அழுத்தம் தானாக நின்று, அவர் வாயால் சாப்பிடத் தொடங்கிவிட்டார். இவை அத்தனையும் கூடி வந்ததால்தான் ஏழு நாள்.

எதிர் வீட்டுப் பெரியவருக்கு ஏன் 14 நாள் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கக்கூடும். அவருக்கு எந்தக் கிருமி, எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆண்களுக்குக் காய்ச்சலோடு வரும் சிறுநீர்த் தொற்றில் புராஸ்டேட் சுரப்பியும் சேர்ந்து பாதிக்கப்படுவது வழக்கம். அதற்குள் மருந்து எளிதில் இறங்காது. பிரான்சில் அத்தகைய ஆண்களுக்கு 7 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில், 7 நாள் பின்தங்கித்தான் போனது. ஒரு வீட்டு மருந்துச் சீட்டை இன்னொரு வீட்டுக்கு அளவுகோலாக வைக்க முடியாது. காசநோய்க்கும் இந்தப் பேச்சு பொருந்தாது. அங்கேயும் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பு 18 மாதத்துக்கு மேல் நீண்ட சிகிச்சையை 6 மாதமாகச் சுருக்கும் புதிய கூட்டு மருந்து முறைக்கு 2024 செப்டம்பரில் நம் மத்திய அரசு ஒப்புதல் அளித்திருக்கிறது. எனினும் அதில் ஒரு நாள்கூட நோயாளி தானாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுத்ததில் உங்களுக்கு வருத்தம் இருப்பது எழுத்தில் தெரிகிறது. நம் பக்கத்தில் ஊசி என்றால்தான் வைத்தியம் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியது. மாத்திரை எழுதும் மருத்துவரைவிட ஊசி போடும் மருத்துவருக்கே இன்னும் மதிப்பு அதிகம். ஆனால் கோட்ரைமாக்சசோல் வயிற்றுக்குள் போனால் ஏறக்குறைய முழுவதுமே இரத்தத்தில் சேர்ந்துவிடும் மருந்து; வாந்தி இல்லாமல் சாப்பிட முடிகிற ஒருவருக்கு அது எந்த வழியாகப் போனாலும் கிருமிக்கு வித்தியாசம் தெரியாது. இரத்தத் தொற்றைவிடக் கடுமையான இதய வால்வுத் தொற்றிலேயே இதைச் சோதித்துவிட்டார்கள். டென்மார்க்கில் 400 நோயாளிகளிடம் நடந்து 2019இல் அச்சான ஆய்வில், நிலைமை சீரான பிறகு மாத்திரைக்கு மாறியவர்கள், ஊசியிலேயே தொடர்ந்தவர்களைவிட மோசமாகவில்லை. அதே ஆண்டு பிரிட்டனில் எலும்பு, மூட்டுத் தொற்று நோயாளிகள் 1,054 பேரிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. மறுபக்கம், கையில் குத்தி வைத்திருக்கும் ஊசிக்குழாய் வழியாகப் புதிய கிருமி நுழையலாம்; நரம்பு வீங்கலாம்; முதியவர் படுக்கையிலேயே கிடந்தால் தொடைச் சதை வற்றி, வீட்டுக்கு வந்த பிறகு கழிப்பறைக்கு எழுந்து போகும் வலுவும் இருக்காது. சிறுநீர்க் குழாயையும் ஊசிக்குழாயையும் எடுத்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதை, படுக்கை தேவைப்பட்டதால் விரட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நல்ல மருத்துவமனைப் பராமரிப்பில் அதுவும் ஒரு பகுதி.

கம்பவுண்டர் சொல்வதைப் பற்றி இரண்டே வார்த்தை. அவர் போட நினைப்பது, அறிக்கையில் ஆர் என்று போட்டிருக்கிற அதே செஃப்ட்ரியாக்சோன். ஏற்கெனவே தோற்ற மருந்தை, நோய் குணமான பிறகு, ஒரு வாரம் போடுவதால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் சாகும். எதிர்ப்புத் திறன் கொண்டவை தங்கும். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரத்த அழுத்தம் பார்க்க வரச் சொல்லுங்கள், அது பயன்படும்.

அந்த மாத்திரை அட்டைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உங்கள் தாயார் கொதிப்புக்கு டெல்மிசார்டானும், சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்வதாகச் சம்மரியில் இருக்கிறது. கோட்ரைமாக்சசோல் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், டெல்மிசார்டானும் ஏற்றும். இரண்டும் சேர்ந்தால், சிறுநீரகம் சற்றே தளர்ந்த முதியவரின் இதயத் துடிப்பு தடுமாறும் அளவுக்கு அது ஏறக்கூடும். முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது. கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழும் அபாயமும் உண்டு. இந்தக் காரணத்தால்தான் மதுரையில் மூன்று நாள் மாத்திரை கொடுத்தபோதே பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றின் பரிசோதனைக்கு நாள் குறித்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பரிசோதனையின் முடிவு நீங்கள் அனுப்பிய நகல்களில் இல்லை. எடுக்கவில்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்பதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற கடுமையான விதி நடைமுறைக்கு வந்தும், கடையில் பழைய அட்டையைக் காட்டினால் இன்னொன்று கிடைத்துவிடுகிறது. கிடைப்பதாலேயே வாங்கிவிடாதீர்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசினை மருத்துவமனையில் நிறுத்தியிருக்கிறார்கள். அதையும் நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம்.

இப்போது உங்களைத் தூங்க விடாத அந்தச் சிறுநீர் அறிக்கை. உண்மையைச் சொன்னால், அந்தப் பரிசோதனையை எடுத்திருக்கவே வேண்டாம். காய்ச்சல், எரிச்சல், அடிக்கடி போகும் உந்துதல், இடுப்பு வலி எதுவும் இல்லாமல், முதிய பெண்களின் சிறுநீரில் கிருமி வளர்வது மிகவும் சாதாரணம். சர்க்கரை இருந்தால் இன்னும் சாதாரணம். அது குடியிருக்கும் கிருமி. நோய் செய்யும் கிருமி என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. இப்படி அறிகுறி ஏதும் இல்லாத சர்க்கரை நோயாளிப் பெண்கள் 105 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆன்டிபயாடிக் கொடுத்து, மூன்று ஆண்டு வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் வந்தது. மருந்து பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் தொற்று குறையவும் இல்லை, மருத்துவமனைச் சேர்க்கை குறையவும் இல்லை. கிருமி போனது, சில நாளில் திரும்பியும் வந்தது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசியும் அளவுக்கு அறுவை செய்யவிருப்பவர்களையும் தவிர, மற்றவர்களுக்கு இதற்காக மருந்து கொடுப்பதை ஏற்கவில்லை. அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைத்துவிடுங்கள். பிறகு எப்போதாவது காய்ச்சல் வந்தால், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி உள்ளே இருக்கிறது என்று பார்க்கும் மருத்துவருக்கு அது உதவும். நன்றாக இருக்கும்போது மறுபடி கல்ச்சருக்குக் கொடுக்காதீர்கள். ஆய்வுக்கூடம் எதையாவது கண்டுபிடிக்கும், நீங்கள் மறுபடி எனக்கு எழுதுவீர்கள்.

தம்பி சொல்வது உண்மையான செய்திதான். என்மெட்டசோபாக்டம் என்ற மூலக்கூறு சென்னையின் ஆர்ச்சிட் பார்மாவில் உருவானது. செஃபிபைம் என்ற பழைய மருந்தோடு சேர்த்து, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது, இந்தியாவிலும் கிடைக்கிறது. நான் மேலே சொன்ன நொதிகளைக் கட்டிப்போட்டு செஃபிபைமை வேலை செய்ய வைப்பது அதன் தொழில். மெரோபெனத்தைத் தொட்டதற்கெல்லாம் எடுத்து, அதற்கும் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவிட்ட நம் நாட்டில், மெரோபெனத்தைக் கொஞ்சம் ஓய்வில் வைக்க உதவும் மருந்து என்ற வகையில் எனக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அது நாளுக்கு மூன்று முறை நரம்பு வழியாக மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து, மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கானது. காய்ச்சல் நின்று, சாப்பிட்டு நடமாடும் ஒருவருக்கு அதைப் போடுவதற்கு மருத்துவத்தில் காரணம் இல்லை.

தம்பி செலவு செய்யத் தயாராக இருந்தால் வேறு ஓர் இடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தின் விளிம்பில், ஆத்தா படுப்பது முகப்புக்கு அடுத்த அறையில் என்றும், கழிப்பறை வளவு என்னும் உள்முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில் இருப்பதால் இருட்டில் நடக்கப் பயந்து மாலை ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை என்றும், வந்த சிறுநீரையும் விடியும் வரை அடக்கி வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரி கல்ச்சர் அறிக்கை அளவுக்கு முக்கியமானது. சிறுநீர் நெடுநேரம் தேங்குவதும் நீர் குறைவதும் கிருமிக்கு வசதி. அவர் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் வகைக் கழிப்பறை ஒன்றைக் கட்டிவிடுங்கள். பழைய வீட்டில் இடிக்கப் பங்காளிகள் ஒப்ப வேண்டும் என்றால், அதுவரை கட்டில் அருகே ஒரு கமோடு நாற்காலி போதும். இதயத்திலும் சிறுநீரகத்திலும் தடை இல்லையென்று மருத்துவர் சொன்னால், நாள் முழுவதும் பரவலாகத் தண்ணீர் குடிக்கட்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தொற்று திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்க, பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு ஒன்று இருக்கிறது. இன்னொரு முறை தொற்று வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் அதைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சோர்வு இன்னும் சில வாரம் இருக்கும். இரத்தத் தொற்றிலிருந்து மீண்ட முதியவர்களுக்கு அது இயல்பு, அதற்காக டிரிப்ஸ் ஏற்ற வேண்டாம். ஆனால் மறுபடி நடுக்கம், 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், ஒரு பக்க இடுப்பு வலி, சிறுநீர் குறைதல், மூச்சு வேகமாக வாங்குதல், மேல் இரத்த அழுத்தம் 100க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நேரம் இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். முதியவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இல்லாமல் குழப்பமான பேச்சும் அதிகத் தூக்கமும் மட்டும் வரும். பணிப்பெண்ணுக்கு இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள். அப்போது முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மதுரை டிஸ்சார்ஜ் சம்மரியும் இரண்டு கல்ச்சர் அறிக்கைகளும் கையில் இருக்கட்டும். ஈ.எஸ்.பி.எல் கிருமி முன்பு வந்தவர் என்பதை ஊசி போடும் முன்பே சொல்லிவிட்டால், மருந்து வேலை செய்யாமல் கழியும் முதல் இரண்டு நாளை இம்முறை தவிர்த்துவிடலாம்.